மிஷின் ரிப்பேர்

என் தலைமுடியைப் பற்றி ஒன்பது வயதுவரை எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. சலூன் கடை மிஷினையே ரிப்பேர் ஆக்கிவிடும் முடி அது. சும்மா சொல்லவில்லை, சலூன்காரரே சொன்னதுதான். காலனிப் பிள்ளைகள் நாங்கள் யார் போய் நின்றாலும், ஊர்த்தெருக்காரர் ஒருவர் தலையில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும் மிஷினை அணைத்துவிட்டு, "மிஷின் ரிப்பேர்பா, போ" என்பார். நாங்கள் தெருமுனை தாண்டியதும் அது மறுபடி ஓடும். எங்களைக் கண்டாலே மிஷின் நடுங்குகிறது என்றால் எங்கள் முடி எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்! அதனால்தான் அப்பா எங்களை பஸ் ஏற்றிப் பேரணாம்பட்டு பாய் கடைக்குக் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். டவுன் மிஷின், தாங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. முடி வெட்டாதவன் போட்டோவில் நிற்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கோ முடி காதை மூடிக் கண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. சலூனுக்கு ஓடினேன். வழக்கம்போல ரிப்பேர். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால், அம்மாவின் தம்பி படுத்திருந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மிஷின்களுக்கு மெக்கானிக்.

"மாமா, பாவம் மாமா அவரு. எப்பப் பாத்தாலும் மிஷின் ரிப்பேராவே கீது. நீ வந்து சரி பண்ணிக் குடு."

"டேய், சும்மா இருடா," என்றார் அம்மா. மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு எழுந்து சட்டையை மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் பையை எடுத்துக்கொண்டார். "மாப்ள சொல்றது ரைட்டுக்கா. பாத்துட்டு வர்றேன்."

சலூனில் ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி.

"அண்ணே, மிஷின் ரிப்பேராமே?" என்றபடி மாமா உள்ளே போய்விட்டார். எங்கள் ஆள் ஒருவர் அந்தப் படியைத் தாண்டியதை அன்றுதான் பார்த்தேன்.

சலூன்காரர் பெரியவரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஆமாபா... ரிப்பேர்தான்." வேறென்ன சொல்வார்?

மாமா ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார். ஊதினார். அதையே திரும்ப மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மிஷின் கர்ரென்று ஓடியது. நான் கைதட்டினேன்.

"எங்க கம்பெனியில டெஸ்ட் பண்ணாம வெளிய உடமாட்டாங்கண்ணே. மாப்ள, குந்து."

குந்தினேன். நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பு. கண்ணாடியில் பார்த்தால் நடுத்தலையில் ஆம்பூர் பைபாஸ் போட்டிருந்தது. ஓவென்று கத்தினேன்.

"இன்னாபா இது, தலையா, ஏர் ஓட்டுன நிலமா? குடு இங்க!" சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை, மிஷினைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய பிறகுதான் தான் நிற்பது என் தலைக்கு மேல் என்பது அவருக்குத் தெரிந்தது.

"டேய், வெட்டிடுவியா நீ?" என்றார் பெரியவர், நுரைக்குள்ளிருந்து.

சலூன்காரர் மிஷினை அணைத்தார். மாமா மிருதுவாகச் சொன்னார்: "வெட்டுண்ணே. மறுபடி ரிப்பேர்னா சொல்லு, சத்துவாச்சாரிக்குப் போயி கலெக்டர் ஆபீஸ்லருந்தே மெக்கானிக்க இட்டாரேன்."

கலெக்டர் ஆபீசில் மெக்கானிக் எல்லாம் இருக்கிறார்களா என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. பெரியவர் பாதி ஷேவிங்கோடு எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பைபாசுக்குச் சமமாக மீதியையும் எடுக்க வேண்டியிருந்ததால், எனக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட மொட்டை.

காலனிக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவினார்கள். "இங்கயே வெட்டினானா? நாற்காலியில குந்த வெச்சா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி தடவிச் சிரித்தார்கள். அப்பா கடைசியாக வந்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. மொட்டை எனக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கிறதாக்கும் என்று, நானும் எல்லாருக்கும் எட்டும்படி குனிந்து குனிந்து காட்டிக்கொண்டிருந்தேன்.