கெளுத்தி வயிற்றில் ஒரு சிவப்புப் புழு

மீன்காரர் ஐஸ் போட்டு வைத்துக் கழித்துப்போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றில் என் மனைவி புழு வளர்க்கத் தொடங்கினாள். வாழைப்பழத் தோலும் தேயிலைச் சக்கையும் போட்டால் அவை செடிகளுக்குப் பசளையாக்கித் தரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வளவு மண்புழுவைப் போலில்லாமல் அவை மெல்லிசாக, நல்ல சிவப்பாக இருக்கும். புளிக்கும் தேசிக்காய்த் தோல் அவற்றுக்கு ஆகாது, மிளகாய் உறைப்பும் ஆகாது. டொக்டர் எனக்குச் சொன்ன பத்தியத்தைக்கூட அவள் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அந்தப் பொறாமையோ என்னவோ, தூண்டிலோடு சவளக்கடை வாய்க்காலுக்குப் போகும்போது ஒரு பிடி புழுவைச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு போனேன். அடுத்த வாரமும் அள்ளினேன்.

"புழு குறைஞ்சிக்கிட்டே போகுது," என்றாள்.

"பல்லி திண்டிருக்கும் புள்ள," என்றேன்.

அவள் மூடிமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். கல்லைத் தூக்க எனக்கும் தெரியும்.

அந்த முறை பெரிய கெளுத்தி ஒன்று அகப்பட்டது. சந்தோஷமாக வாங்கி வயிற்றைக் கீறினாள். பிறகு உள்ளேயிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இஞ்சாருங்க, உங்கட பல்லிக்கு நீந்தவும் ஏலுமா?"

சோற்றுக்கு ஊற்றிய மீன் ஆணம் என்னவோ அருமையாகத்தான் இருந்தது. எனக்கு வால் துண்டு மட்டும் கிடைத்தது.

மறுநாளிலிருந்து புழுக்களுக்குத் தோல் நறுக்குவது என் வேலை. பெரிதாக நறுக்கினால் திருப்பித் தருவாள். இப்போது இறால் வாங்கித்தான் தூண்டில் போடுகிறேன். மீன்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.