சகலைக்குப் போன லோடு

சகலை புது வேன் எடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். இருவரும் வேலம்பாளையத்தில் ஒரே பனியன் கம்பெனிக்குத்தான் லோடு ஓட்டினோம். முதலாளி வேறு, "மாசம் பொறந்தா ஒரு வண்டி போதுமுங்க, யாருன்னு பாத்துச் சொல்றேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

என்னுடையது பழைய பெட்ரோல் வேன். பிற்பாடு கேஸ் கிட் மாட்டியது. காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் போனதும் சுவிட்சை நடுவில் வைக்க வேண்டும். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து வண்டி இருமும். அப்போதே கேஸுக்குத் தள்ள வேண்டும். தவறினால் நடுரோட்டில் நின்றுவிடும். சகலையின் வேனில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. வரும்போதே கேஸோடு வந்தது, ஏசி வேறு. மாமியார் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் அதில்தான் ஏறினார்கள், என் மனைவியும்தான். காலி வண்டியை உருட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் ஷிப்மென்ட் அவசரம். பல்லடத்தில் தைத்த பீஸ்களை ஏற்றி வந்த சகலை, நான் காலி வேனோடு வந்த வழியில் ஓரங்கட்டி நின்றிருந்தார். கேஸ் தீர்ந்துவிட்டதாம். அவசரத்துக்கென்று அந்த வண்டியிலும் சின்னதாக ஒரு பெட்ரோல் டேங்க் உண்டு. கேஸ் வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் என்ற மிதப்பில் ஒரு சொட்டும் ஊற்றி வைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"லோடை மட்டும் கொண்டுபோய் எறக்கிருங்ணா" என்றார்.

என் டேங்கில் பெட்ரோல் இருந்தது. உறிஞ்சி எடுக்கும் டியூப் சீட்டுக்கு அடியில் கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தால் அவரே ஓட்டிப்போய் நல்ல பேர் வாங்கிவிடுவார். மூட்டைகளை என் வேனில் ஏற்றினேன். அவசரத்துக்கு எந்த வண்டி உதவியது என்று முதலாளி கண்ணால் பார்க்கட்டும்.

கம்பெனி வாசலில் முதலாளி செல்போனும் கையுமாக நின்றார்.

"உங்க சகலை இப்பத்தானுங்க போன் பண்ணுனாரு. வண்டி நின்னாலும் லோடை நிறுத்தாம அனுப்பி வெச்சுட்டாரு பாருங்க. நமக்கு இப்படி ஆளுதானுங்க வேணும். மாசம் பொறந்தா அவரே ஓட்டட்டுங்க."

"ஆமாங்க" என்று மூட்டைகளை இறக்கினேன்.

திரும்பிப் போனால் சகலை இன்னும் அங்கேயே நின்றிருந்தார். விட்டுவிட்டு வந்தால் வீட்டில் பேச்சு வாங்கி மாளாது. டியூபை எடுத்து என் டேங்கில் விட்டு உறிஞ்சினேன்.

"ஏனுங்ணா, டியூப் வண்டிலயேதான் இருந்துச்சுங்ளா?" என்றார்.

வாய் நிறையப் பெட்ரோல் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.