இடது பக்கம் இழுக்கும் வண்டி

ஏத்லோனில் ஒரு டயர் கடையில் பத்தொன்பது வருஷமாக வண்டிச் சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் பார்க்கிறாள் வெரோனா பிளாட்ஜீஸ். அங்கே வண்டிக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கி வேலை செய்கிற ஒரே பெண் அவள்தான். அலைன்மென்ட் கருவியின் திரையில் எண்கள் எல்லாம் பச்சையாகிவிட்டால் மற்றவர்கள் சாவியை நீட்டிவிடுவார்கள். வெரோனா நீட்டமாட்டாள். வண்டியைத் தெருவுக்கு ஓட்டிப்போய், நேரான இடத்தில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுப்பாள். பிறகு ஒரு தரம் பிரேக் அடிப்பாள். அப்போதும் வண்டி கோணாமல் நின்றால்தான் கையெழுத்துப் போடுவாள்.

அவள் கையெழுத்துப் போட முடியாத வண்டி ஒன்று இருந்தது. அது அவள் வீட்டு வாசலிலேயே நின்றது.

அவள் கணவன் கிரான்வில்லின் சின்னச் சிவப்பு வண்டி. ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கி, சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்கிற அலுமினிய வட்டுகளைச் செருகி, நாலு சக்கரமும் மட்கார்டின் விளிம்புக்குச் சரியாக வந்து நிற்கும்படி செய்திருந்தான். அகலக் கால் வைத்து நிற்கும் மல்யுத்தக்காரன் போல இருக்கும். வளைவில் சாயாது. ஆனால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு தடத்தையும் முகர்ந்துகொண்டே போகும். பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால் டயர் மட்கார்டில் உரசிக் கத்தும். பேரிங் வருஷத்துக்கு ஒன்று போகும். இதெல்லாம் வெரோனாவுக்குத் தெரிந்த கதை, ஸ்பேசர் போட்ட எந்த வண்டிக்கும் உள்ளதுதான். புரியாதது ஒன்றுதான்: பிரேக்கில் கால் வைத்தால் இந்த வண்டி இடது பக்கம் இழுக்கும். ஆறு வருஷமாக இழுத்தது. சனிக்கிழமை கடை மூடியபிறகு எத்தனையோ தரம் அதைக் குழிமேல் ஏற்றியிருக்கிறாள். எண்கள் பச்சை. தெருவில் இறக்கினால் இடது.

"ஊர்ல உள்ள வண்டியெல்லாம் நேராக்கிருவா. புருஷன் வண்டின்னா மட்டும் கை வராது" என்று இறைச்சி சுட்டுச் சாப்பிடக் கூடுகிற இடத்திலெல்லாம் கிரான்வில் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். கடைசி இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் அவனை அந்த வண்டியில்தான் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனாள். பிரேக் அடிக்கும்போதெல்லாம் கை தானாக வலது பக்கம் கொஞ்சம் கொடுத்துப் பழகிவிட்டது.

மே மாதம் அவன் போனான். அன்றிலிருந்து வண்டி உறைக்குள் கிடந்தது. அழுகை வரும், வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. வேலைக்குப் போனாள், ரொட்டி வாங்கினாள், துணி காயப்போட்டாள். பல் பிடுங்க ஊசி போட்டபிறகு உதடு இருக்குமே, தொட்டால் யாரோ ஒருவருடையது போல, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மகள் லீயான் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பள்ளியில் கடைசி வருஷமான மெட்ரிக் பிள்ளைகளுக்கான நடன விருந்து வெள்ளிக்கிழமை. மற்றப் பிள்ளைகளுக்கு யார் யாரோ வாடகைக்கும் இரவலுக்கும் பெரிய பெரிய வண்டி பிடித்திருந்தார்கள். "எனக்கு டாடி வண்டி போதும்" என்றாள். கவுனில் அவளைப் பார்க்கத் தெருவே வந்து நிற்கும், வண்டியையும் பார்க்கும். வெரோனா சரி என்றாள்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து உறையை நீக்கினாள். கிரான்வில்லின் அண்ணன் எரோல் வந்து குளிர்பானப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். பக்கத்து வீட்டு காவா ஆன்ட்டி கொடுத்தனுப்பிய சமோசாத் தட்டு அவன் மடியில் இருந்தது.

"சக்கரத்தையா கழட்டப்போற? அவன் இருந்தா கையை ஒடிச்சிருப்பான்."

"இருந்தா நான் ஏன் கழட்டுறேன்?"

உண்மைதான். அந்தச் சக்கரங்களை வேறு யாரும் தொட அவன் விட்டதில்லை. டயர் மாற்றுவதென்றாலும் கடைக்கு வந்து தானே கழற்றி, தானே மாட்டுவான். வண்டியை இப்படி இறக்கி ஓட்டுகிறவர்கள் கூட்டத்தில் அது வழக்கம். ஒருவன் சக்கரத்தை அடுத்தவன் தொடுவதில்லை.

முன் வலது சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்தி, விரலால் சுற்றி எடுத்தாள். தொழில் பழக்கம், வாய் எண்ணியது. ஒன்பது சுற்றில் வெளியே வந்தது. நல்ல பிடி. இடது பக்கம் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. போல்ட் கையோடு வந்துவிட்டது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி போட்டு எடுத்தாள். ஐந்துதான். அந்தச் சக்கரத்தின் மற்ற மூன்று போல்ட்டும் ஐந்து.

ஸ்பேசர்களைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடது பக்கத்து வட்டு ஒரு பென்சில் அளவு தடிமன் கூட இருந்தது. போல்ட் மட்டும் எல்லாம் ஒரே நீளம். அதனால்தான் மரையில் பாதி அளவுதான் ஏறியிருந்தது. இடது சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நின்றதால்தான் பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கம் ஸ்டியரிங்கை இழுத்திருக்கிறது. அலைன்மென்ட் கருவி சக்கரத்தின் கோணத்தைத்தான் பார்க்கும், எவ்வளவு வெளியே நிற்கிறது என்று யாரும் அதைக் கேட்பதில்லை.

"எரோல்."

அவன் சமோசாவைக் கீழே வைத்தான். "என்கிட்ட அப்படிப் பாக்காத."

"உனக்குத் தெரியும்."

"நீ கேட் தூண்ல இடிச்சியே, அப்ப." அவன் தலையைச் சொறிந்தான். "ஸ்கிராப்ல இருந்து ஒரு மட்கார்டு எடுத்துட்டு வந்தோம்ல? அது வேற வருஷத்து வண்டியோடது. கொஞ்சம் துருத்திக்கிட்டு நின்னுச்சு. சக்கரம் அந்தப் பக்கம் உள்ள போன மாதிரி இருந்துச்சு. அதான் அவன் தடிப்பா ஒண்ணு போட்டான். 'வெரோனாகிட்ட சொல்லாத, ஏற்கனவே அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்கா'ன்னான்."

"நான் ஏதோ வளைஞ்சிருக்குன்னு ஆறு வருஷம் தேடுனேன்."

"அதையும்தான் அவன்கிட்ட சொன்னேன். 'விடு, தேடட்டும், அவளுக்குப் பொழுது போவுது'ன்னான்."

வெரோனா குந்தியபடியே இருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது இல்லையென்றால் அழுகை. இரண்டும் வரவில்லை. தட்டிலிருந்து ஒரு சமோசாவை எடுத்துத் தின்றாள். ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் லீயான் வந்தபோது நாலு ஸ்பேசர்களும் சுவரோரம் அடுக்கியிருந்தன. கிரான்வில் காபி டப்பாவில் போட்டு வைத்திருந்த அசல் போல்ட்டுகளில் சக்கரங்கள் மாட்டியாகிவிட்டது. லீயான் பையை இறக்கவில்லை.

"என்ன மம்மி பண்ணி வச்சிருக்கீங்க? சக்கரம் உள்ள போயிருச்சு. லைப்ரரி மிஸ் வண்டி மாதிரி இருக்கு!"

"போல்ட் நீளம் பத்தல."

"டாடி அதுல எத்தன வருஷம் போனாரு!"

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றான் எரோல். "ஆறு வருஷம் பிடிச்சிருக்கு. நாளைக்கு ஒரு நாள் பிடிக்காதா? திங்கக்கிழமை நீள போல்ட் வாங்கிரலாம்."

"டான்ஸ் என்ன திங்கக்கிழமையா?" என்றாள் வெரோனா. "ஆறு வருஷமும் பெரும்பாலும் முன்சீட்டுல ரெண்டு பேர்தான். நாளைக்கு நாலு பேர். நெடுஞ்சாலையில."

"நான் நடந்தே போறேன்" என்றாள் லீயான். "எல்லாரும் பாத்து வச்சிருக்காங்க, டாடி வண்டி எப்படி நிக்கும்னு. இது அவரு வண்டியே இல்ல."

வெரோனா அவள் கையில் ஸ்பேசரோடு கழற்றிய போல்ட் ஒன்றைக் கொடுத்தாள். பழைய ஹப் ஒன்று கடையிலிருந்து வந்து மூலையில் கிடந்தது. தடித்த ஸ்பேசரையும் அதற்கு மேல் உதிரிச் சக்கரத்தையும் அதன்மேல் வைத்தாள். "போடு. எண்ணு."

லீயான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சுற்றினாள். ஐந்தில் நின்றது. மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

"டாடிக்குத் தெரியாதா?"

"அவரு எண்ணல."

"நீங்க எண்ணுவீங்கள்ல."

"என்னைத் தொட விடலயே."

லீயான் போல்ட்டைத் திரும்பச் சுற்றி எடுத்து, தாயின் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நடந்து போகிறேன் என்று மறுபடி சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தென்கிழக்குக் காற்று குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் தெரு நிறைந்திருந்தது. லீயான் பச்சைக் கவுனில் வெளியே வந்ததும் கைதட்டல், விசில். காவா ஆன்ட்டி மட்டும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"அய்யோ, கிரான்வில் வண்டிக்குப் பல்லு உள்ள போயிருச்சே!"

"பல் செட்டக் கழட்டி வச்சிருக்கு ஆன்ட்டி" என்றான் எரோல். எல்லோரும் சிரித்தார்கள். லீயானும் சிரித்ததை, ஓட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்த வெரோனா கண்ணாடியில் பார்த்தாள். அவளோடு ஆட வந்த பையனும் அவன் நண்பனும் பின்சீட்டில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார்கள். டயர் உரசவில்லை.

முதல் சிக்னல் சிவப்பு. பிரேக்கில் கால் வைத்தாள். கை தானாக வலது பக்கம் கொடுத்தது. எதிர்ப்பக்கம் இழுக்க இப்போது யாரும் இல்லை. வண்டியின் மூக்கு நேராக நடுக்கோட்டின் மேல் போனது. எதிரே வந்த மினிபஸ் டாக்சி ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்தது.

"மம்மி, கோடு!"

"தெரியுது."

அடுத்த சிக்னலிலும் கை போனது. அதற்கடுத்ததில் கட்டைவிரல்களை ஸ்டியரிங்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வண்டி நேராக நின்றது. எந்த வாடிக்கையாளருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

பள்ளி வாசலில் இறங்கிய லீயான், கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி முன்பக்கம் சுற்றி வந்து, துருத்திய இடது மட்கார்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். இத்தனை நாள் அது துருத்தியிருந்தது அவளுக்கும் இப்போதுதான் தெரிந்தது.

"பத்து மணிக்கு வாங்க" என்றாள். "இதுலயே."

திரும்பும் வழியில் ஒன்பது சிக்னல்கள். முதல் ஏழிலும் கை போனது. எட்டாவதில் போகவில்லை. ஒன்பதாவது பச்சையாக இருந்தது.

வீட்டுத் தெரு காலியாகியிருந்தது. நாற்காலிகளை உள்ளே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தேவையில்லாமல், ஒரு தரம் பிரேக் அடித்துப் பார்த்தாள். கை வலது பக்கம் போனது. போகட்டும் என்று விட்டாள்.