கிணற்றடிக் கார்த்திகைப்பூ

பிளாஸ்டிக் பூவை இன்றைக்கும் நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. மாரி மழை விழுந்ததும் கிணற்றடியில் கார்த்திகைப்பூக் கொடி ஒன்று முளைத்தது. நான் படகேறிப் போவதற்கு முன், தங்கச்சி வெள்ளாங்குளத்துக் காட்டோரம் கிண்டிக்கொண்டு வந்து நட்ட கிழங்கு. கோடை முழுக்கச் செத்ததுபோலக் கிடந்து, மழைக்கு எழும்பும். தங்கச்சிதான் எழும்பவில்லை. கடைசிச் சண்டையில் அகப்பட்டுப் போனவளுக்கு ஒரு கல்லறைகூட இல்லை.

கொடிக்குத் தடி ஊன்றினேன், ஆட்டெரு போட்டேன். இலை நுனிகள் சுருண்டு தடியைப் பிடித்து ஏறின. இறந்தோர் திருநாளில் முதல் பூவை, ஊர்க் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் நடுச் சிலுவையடியில் வைக்க வேண்டும். கல்லறை இல்லாதவர்களுக்கு எங்கள் சனம் அங்கேதான் மெழுகுதிரி கொளுத்தும். எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

மொட்டு விட்டதும் பக்கத்து வீட்டுக்காரன் வந்தான்.

"அக்கா, உந்தக் கொடியைப் பிடுங்கி எறியுங்கோ. சண்டை பிடிச்ச இயக்கத்தின்ர பூவெண்டு ஆமி வந்தால் எங்களையும்தான் கேப்பாங்கள்."

"ஆமி வந்து கேட்டதே?"

"கேக்க முன்னம் நாங்கள் பாத்து நடக்க வேணும்."

"இயக்கம் பிறக்க முன்னமே காட்டில பூத்தது, தம்பி. போய் உங்கட வேலையைப் பாருங்கோ."

திருநாளுக்கு முதல்நாள் பூசை முடிந்து வந்தால், கிணற்றடியில் குழிதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கிழங்கோடு கிண்டியிருந்தான். ஒளிக்கவும் இல்லை. சிரித்துக்கொண்டே வந்து ஒரு பிளாஸ்டிக் ரோசாக் கொத்தை நீட்டினான்.

"சேமக்காலைக்கு இதைக் கொண்டு போங்கோ அக்கா. வாடவே வாடாது."

ஆமிக்காரன் பிடுங்கியிருந்தால் கோபம் வந்திருக்கும். இவன் எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்க்கவே அருவருத்தது.

வீட்டுக்குப் பின்னாலிருந்த குறுகிய ஒழுங்கையில், மீன் செதிலுக்கும் தலைகளுக்கும் நடுவே கொடி கிடந்தது. கிழங்கை மண்வெட்டியால் நசுக்கியிருந்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு மொட்டு மட்டும் விரிந்திருந்தது, அடி மஞ்சள், நுனி சிவப்பு. மீன் நாற்றத்தோடேயே கொண்டுபோய்ச் சிலுவையடியில் வைத்தேன். பக்கத்தில் நின்ற அவன் மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தன் பிளாஸ்டிக் கொத்தை என் பூவின் மேல் வைத்து அழுத்தினாள்.

அதை எடுத்து அப்பால் எறிந்தேன். செபம் சொல்லிக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ர தங்கச்சியை மூடாதேங்கோ," என்றேன்.