உமிச் சாக்கும் ஸ்லோ குக்கரும்

கரடியூரில் மழை பிடித்தால் பாதி நாள் கரண்ட் இருக்காது. அது தெரிந்தும், கரண்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வாங்கலாமா என்று ஒரு வாரமாகக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எஸ்டேட்டில் காபி பறித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்: "காலையில வெச்சுட்டுப் போனா, சாயங்காலம் தானா வெந்திருக்குமாம்க்கா."

"நல்லதுங்க. ஊட்டுக்குள்ள வாங்க" என்றார்.

அடுப்படி மூலையில் ஒரு சாக்கு நிறையக் காபிக்கொட்டை உமி. அதற்குள்ளிருந்து பழைய கம்பளி சுற்றிய பானையைத் தூக்கினார். காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் புதைத்துவிட்டுப் போன மொச்சைக் குழம்பு. மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஒரு மொச்சைகூட உடையவில்லை. வாயில் வைத்ததும் கரைந்தது.

"அந்தக் குக்கர்ல இதை உட நல்லா வேகுங்களா?"

கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உமி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.