இரண்டு குழாய்களும் ஒரு கடதாசிக் கோப்பையும்

உரும்பிராயில் எங்கள் வாசிகசாலையின் தலைவர் என் அத்தான், அக்காவின் கணவர். செயலாளர் நான். கூட்டங்களில் அத்தானுக்கு முன்னால் வாயை அடக்கச் சொல்வாள் அக்கா. அடக்கிப் பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை.

போன மாதக் கூட்டம் ஒரு படத்துக்காகக் கூடியது. நூல்களுக்குப் பொறுப்பான ரீச்சர் கொண்டுவந்த பழைய அமெரிக்கப் புகைப்படம் அது. சுவரோரம் இரண்டு தண்ணீர்க் குழாய்கள். பளபளப்பானது வெள்ளையருக்கு, பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டி கறுப்பருக்கு. தொட்டியில் ஒரு கறுப்பர் குனிந்து குடிக்கிறார். படத்தை முன்சுவரில் மாட்டி, 'எங்கள் ஊரிலும் இது நடந்தது' என்று கீழே எழுதவேண்டும் என்றார் ரீச்சர். முடியாதென்றால் பொறுப்பை விட்டுவிடுவாராம். அவர் போனால் புத்தக அலுமாரிகளை ஒருவரும் திறக்கமாட்டார்கள். எனக்கு உள்ளூரப் பயம்தான்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "மனுசனுக்கு நல்ல தண்ணி விடாய்," என்றார். அவருக்கு நீரிழிவு.

அத்தான் தொண்டையைச் செருமினார். "உது முழுக்கத் தமிழரின்ரை கதை. எங்களையும் அரசாங்கம் உப்பிடித்தானே ஒதுக்கினது. அதை எழுதுவம்."

"ஓம், அதுவும் உண்மைதான்," என்றார் ரீச்சர். "ஆனா என்ரை அம்மாவைக் கிணத்திலை தண்ணி அள்ள விடாதவை இந்த ஊர் ஆக்கள்தான்."

"அது பழங்கதை, ரீச்சர். இப்ப ஆர் சாதி பாக்கினம்?"

அந்த நேரம் பார்த்து அக்கா தேநீர்த் தட்டத்துடன் வந்தாள். எவர்சில்வர் பேணிகளில் சீனி போடாத தேநீர், கடித்துக் குடிக்க ஒரு தட்டில் பனங்கட்டித் துண்டுகள். பெரிய துண்டு அத்தானுக்கு, அதில் யாரும் கைவைக்கமாட்டோம். தட்டத்தின் ஓரத்தில் ஒரேயொரு கடதாசிக் கோப்பை, பனங்கட்டித் தட்டில் கைவைக்கத் தேவையில்லாமல் சீனி கலந்தபடி. ரீச்சருக்கு எப்போதும் அப்படித்தான் வரும்.

ரீச்சர் கோப்பையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "எங்கடை பெரியாக்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையிலை குடுத்தவை," என்றார் சிரித்தபடி. "எனக்குக் கடதாசி. முன்னேற்றம்தான்."

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "அக்கா, உது ஏன்?"

"சுத்தத்துக்குத்தான்," என்றாள் அக்கா, நிலத்தைப் பார்த்தபடி.

"அப்ப எங்களுக்குச் சுத்தம் வேண்டாமோ?"

தபாலதிபர் மறுபடி படத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப உது விடாய் மட்டுமில்லைப் போலை," என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம், அக்காவும்தான்.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. தன் பேணியை ரீச்சர் பக்கம் நகர்த்திவிட்டு, கடதாசிக் கோப்பையைத் தான் எடுத்தார். அது விரலைச் சுட்டிருக்கவேண்டும், கை மாற்றி மாற்றிப் பிடித்தார். ரீச்சர் பேணியில் ஒரு மிடறு குடித்தார். பிறகு பனங்கட்டித் தட்டில் கைவிட்டு, அந்தப் பெரிய துண்டை எடுத்துக் கடித்தார்.

அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆணியையும் சுத்தியலையும் எடு பிள்ளை," என்றார். "முன்சுவரிலையே அடிப்பம்."