ஜன்னலும் கப்பல் ஃபேனும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை மிதித்த முதல் ஆள் நான். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவில், எங்கள் தெருவிலேயே சமையலறைச் சுவரில் ஃபேன் சுழன்ற முதல் வீடும் எங்களுடையதுதான். ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருடம், இரண்டில் எது பெரிய பெருமை என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் ஃபேனைத்தான் காட்டியிருப்பேன்.

காரணம் என் சீருடை. அம்மா காலையில் பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, சாயங்காலம் சவுக்கு விறகில் குழம்பு வைப்பாள். காஸ் அடுப்பு டீ போட மட்டும். மடவை மீன் குழம்புக்கு விறகுதான் என்பது நைனாவின் நாக்கு போட்ட சட்டம். என் சீருடை காய்வதும் அதே சமையலறைக் கொடியில். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி, கருவாட்டோட சேத்து உன்னையும் சுட்டாங்களா?" என்பாள். பெஞ்சே சிரிக்கும்.

அம்மாவின் தம்பியான மாமாவிடம் போய் அழுதேன். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் அவருக்கு வேலை. கப்பலின் அடிவயிற்றில் ஜன்னலே கிடையாது, மனுஷனுக்கு மூச்சுக்காற்றையே மிஷின்தான் கொடுக்கும் என்று தானே கண்டுபிடித்தது போலச் சொல்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர் காயலான் கடையிலிருந்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனோடு வந்து இறங்கினார். சுவரில் ஓட்டை போட்டு மாட்டி ஸ்விட்சைத் தட்டியதும், அது மோட்டார் போட் போல அலறியது. புகை மறுபேச்சு பேசாமல் வெளியே போனது.

"ஒண்ணே ஒண்ணுக்கா. பக்கத்துல கீற ஜன்னல மட்டும் தொறக்காத. அந்தக் காத்தயே இழுத்துத் தள்ளிக்கினு இருக்கும், பொக அப்படியே நிக்கும்."

அம்மா தலையாட்டினாள். ஆனால் தினமும், வீட்டின் பின்னால், அந்த ஜன்னலுக்கு நேர் வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகின் மேல் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படித்து முடித்துவிட்டு நான் உள்ளே போனால், ஃபேன் சும்மா நிற்கும். ஜன்னல் ஆவென்று திறந்திருக்கும். அம்மா புகைக்குள் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கொடியில் என் சீருடை புகை குடித்துக்கொண்டிருக்கும்.

மாமாவிடம் புகார் போனது. அவர் வந்து ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

"இன்னாக்கா நீ? பட்டிக்காடாவே இருப்பியா?"

"டேய், ஜன்னல மூடினா கரியமில வாயு உள்ளயே தங்கிடும்டா."

மாமா ஒரு கணம் திகைத்தார். "இன்னாது? கரியமில வாயுவா? நீ எந்த இஸ்கூல்ல படிச்ச?"

நைனா சிரித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அந்த வாரம்தான் வகுப்பில் காற்று பற்றிய பாடம் நடந்திருந்தது. அம்மா டிவியில் கேட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

கோபத்தில் படிப்பதற்கு ஏரிக்கரையில் வலை வைக்கும் கொட்டகைக்கு மாறினேன். அந்த நாட்களில் வீட்டில் ஃபேன் ஓயாமல் ஓடியது. சீருடையில் புகை இல்லை. பக்கத்துப் பெண் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். ஜெயித்துவிட்டேன். அம்மாதான் ஒரு மாதிரி இருந்தாள். சோறு போடும்போது கேட்டாள்:

"பாப்பா, சண்டையே வேணாம்னு கத்திய தூக்கிப் போட்டானே ஒரு ராஜா, அப்பால அவன் இன்னா ஆனான்?"

"அதெல்லாம் பரீட்சைக்குத்தான்மா. உனக்கு எதுக்கு?" என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் மாற்றுச் சீருடை சமையலறைக் கொடியில் இல்லை. படகின் ஓரத்தில் கயிறு கட்டி, ஏரிக்காற்றில் படபடக்க விட்டிருந்தாள். இனி என்ன புகைந்தாலும் எனக்கு நஷ்டமில்லை என்று, பழையபடி படகின் மேலேயே ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் கொக்கி கழன்றது.

"சத்தமா படி. காதுலயே வுழல."

படிக்கிறேனா என்று வேவு பார்க்கிறாள். அப்படித்தான் நினைத்தேன். இருக்கட்டும் என்று தெருவுக்கே கேட்கும்படி, அந்த ராஜா சாலையோரம் மரம் நட்டது, கிணறு வெட்டியது எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அன்று மடவைக் குழம்பு அடிபிடித்துவிட்டது. நைனா தட்டைத் தள்ளிவைத்தார். அம்மா முகமெல்லாம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஃபேனைப் போட்டிருந்தா கொழம்பு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று நானும் நைனாவோடு சேர்ந்துகொண்டேன்.